நான் தவறாக மொழிபெயர்த்த சித்தப்பா

சென்ற மாதம் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இளம் தாதியர் மூன்று பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார்கள். மனச்சிதைவு நோய்க்குப் புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாம். வருடக்கணக்காகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பூரிப்போடு சொன்னார்கள். எனக்கும் பூரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்போ இது மூளைக் கோளாறுதானே நானா? நோயாளிங்களோட பழைய தாளுல நீங்கல்லாம் துக்கம், தனிமை, அவமானம்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதெல்லாம் சும்மாதானா?"

சும்மா இல்லை. ஆனால் அது ஏன் சும்மா இல்லை என்பதை ஒரு தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் அப்துல் காதர். எங்கள் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை 'நானா' என்போம், ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடும். மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவன். இங்கிலீஷ் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். ஆஸ்பத்திரி மருந்தறையில் புட்டி கழுவினேன், பிறகு புட்டிக்குச் சீட்டு எழுதினேன். தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் வரும், கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் வரும் என்று தெரிந்ததும் என்னை மனநோய் வார்டுக்கு மொழிபெயர்ப்பாளனாக மாற்றினார்கள். ஊரில் அந்த வார்டுக்கு 'கிலா வார்டு' என்று பெயர். மலாயில் கிலா என்றால் பைத்தியம். நான் அங்கே போகிறேன் என்று கேள்விப்பட்டு என் தாயார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தேன்.

முதல் பத்து வருடம் எனக்கு மேலே இருந்தவர் ஒரு ஸ்காட்லாந்து டாக்டர். பெயரை அச்சில் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. ஆகவே டாக்டர் என்றே எழுதுகிறேன். வார்டுக்குள் நுழையும் முன் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நோயாளி நின்றுகொண்டிருந்தால் இவரும் நிற்பார். நோயாளி தரையில் உட்கார்ந்திருந்தால், ஆறடி உயர மனிதர், முட்டி மடக்கித் தானும் தரையில் உட்காருவார். 'கிலா' என்ற சொல்லை வார்டுக்குள் யார் சொன்னாலும் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச மாட்டார். எனக்கு அவர் சொன்ன முதல் உத்தரவு இது: "நான் கேட்பதைக் கேள். அவர்கள் சொல்வதைச் சொல். நடுவில் நீ இருக்காதே."

அது எவ்வளவு கஷ்டம் என்று வந்த புதிதிலேயே தெரிந்துவிட்டது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண், "பெத்த வயிறு பத்தி எரியுது" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். வயிறு எரிகிறதாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் வயிற்றெரிச்சலுக்கு மருந்து எழுதினார். இரண்டு நாள் கழித்து எனக்கே உறுத்தி, அது வயிற்று வலி அல்ல, தாயின் துக்கம் என்று விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. "இனி முதலில் சொல்லைச் சொல். பிறகு பொருளைச் சொல். இரண்டையும் கலக்காதே" என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்தேன். கற்றுக்கொண்டுவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

புதிதாக ஒருவர் வந்தால் ஒரு நீளத் தாளில் விவரம் எழுதுவோம். பெயர், வயது, வேலை, எந்தக் கப்பலில் வந்தார், எத்தனை வருடமாயிற்று, நோய் எப்போது தெரிந்தது. தாளின் அடியில் 'காரணம்' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதல் கட்டம், பிறப்பிலேயே உள்ளே இருக்கும் காரணம். பெரும்பாலும் பரம்பரை. இரண்டாவது, அதை வெளியே கிளப்பிவிட்ட காரணம். காய்ச்சல், கஞ்சா, சாவு, அவமானம், எதுவும் இருக்கலாம். டாக்டருக்கு முதல் கட்டத்தில்தான் நம்பிக்கை. இந்த நோய் மூளையில் இருக்கிறது, மூளை ரத்தத்தில் வருகிறது என்பார். இரண்டாவது கட்டத்தில் அநேகமாக 'தெரியவில்லை' என்றே எழுதுவார்.

இப்படி இருக்கும்போதுதான் தங்கவேலு வந்தான்.

இருபத்திரண்டு வயது. துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் கொப்பரை மூட்டைகளுக்குக் கப்பல் அடையாளம் போடும் வேலை. மெலிந்த உடம்பு, விரல் நுனியெல்லாம் கறுப்பு மை. கிட்டங்கி ஆட்கள்தான் கொண்டுவந்து விட்டார்கள். சுவர் ஓரம் உட்கார்ந்து காதைச் சுவரில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"கேக்குதா நானா? அந்தாண்ட என்னைப் பத்திதான் பேசுறாங்க."

"யாரு தம்பி?"

"கிட்டங்கி ஆளுங்க. என் கை தப்பாம். நான் தொட்ட மூட்டை கப்பல் ஏறாதாம்."

சுவருக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கும் தொட்டி. அங்கே யாருமில்லை. டாக்டர் அவனோடு மூன்று நாள் தரையில் உட்கார்ந்து, ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டு நோயின் பெயரை எழுதினார்.

நான்காம் நாள் அவன் தாய் அஞ்சலையம்மாள் அக்கரையில் இருக்கும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெர்ரிப் படகு ஏறி வந்தார். கணவரை இழந்தவர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலகாரம் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அந்தம்மா கொஞ்சம் தயங்கி, "இவன் சித்தப்பா ஒருத்தரு இப்படித்தான் தனக்குத்தானே பேசிக்கிட்டுத் திரிஞ்சாரு. அப்படியே போய்ச் சேந்துட்டாரு" என்றார்.

தந்தையின் தம்பி என்று இங்கிலீஷில் சொன்னேன். டாக்டர் தலையசைத்து, முதல் கட்டத்தில் 'பரம்பரை, தந்தையின் சகோதரர்' என்று எழுதினார். இரண்டாவதில் 'தெரியவில்லை'. தாள் அலமாரிக்குப் போயிற்று. எல்லாம் சேர்த்துக் கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

தங்கவேலுவின் தங்கை சிவகாமிக்குப் பத்தொன்பது வயது. பார்வையாளர் நாள் ஒன்று விடாமல் தூக்குச்சட்டியோடு வருவாள். அண்ணனுக்கு ஊட்டிவிட்டு, சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு, எனக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவாள். ஐந்தாறு வாரம் கழித்து ஒருநாள், பார்வையாளர் நாள் அல்ல, வாசலில் வெறுங்கையோடு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நானா, இங்க எழுதுற தாளுல எங்க குடும்பத்தப் பத்தி என்னா எழுதியிருக்கு?"

"அதச் சொல்லக் கூடாதும்மா."

"நீங்க சொல்ல வேணாம். ஊரே சொல்லுது. ரத்தத்துல ஓடுற பைத்தியம்னு ஆஸ்பத்திரித் தாளுல எழுதியிருக்காம். எனக்கு நிச்சயம் பண்ண மாப்பிள்ள வீட்டுல தட்டத் திருப்பி அனுப்பிட்டாங்க."

எங்கள் அலுவலகத்து ஆள் ஒருவர் வாய் திறந்திருக்கிறார். யார் என்பது பிறகு தெரிந்தது. இங்கே வேண்டாம்.

"உங்க சித்தப்பாவுக்கு அப்படி இருந்துச்சுன்னு உங்கம்மாதானே சொன்னாங்க" என்றேன் மெதுவாக.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எந்தச் சித்தப்பா? கப்பல் சித்தப்பாவா? அவரு எங்க அப்பாகூட ஒரே கப்பல்ல வந்தவரு நானா. டெக்குல பக்கத்துப் பக்கத்துல படுத்து வந்த பழக்கம். எங்க அப்பாவுக்குக் கூடப்பிறந்த தம்பியே கிடையாது!"

தமிழ் பேசி வளர்ந்தவன் நான். என்னை 'நானா' என்று கூப்பிடும் ஆயிரம் பேரில் எத்தனை பேர் என் தாய் வயிற்றில் பிறந்தார்கள்? ஒரே கப்பலில் வந்தவர்களும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களும் அண்ணன் தம்பியாகி, அவர்கள் பிள்ளைகளுக்குப் பெரியப்பா சித்தப்பாவாகிப் போவது இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு நடப்பது. அது தெரிந்த நானே 'கூடப்பிறந்தவரா?' என்று கேட்கவில்லை.

அந்த வார விடுமுறையில் பெர்ரியும் ரயிலும் ஏறி புக்கிட் மெர்தாஜாம் போனேன். அஞ்சலையம்மாள் அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் தப்பாகச் சொன்னதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ தம்பி, சித்தப்பான்னா சொந்தச் சித்தப்பான்னா எழுதிட்டீங்க?"

"எழுதிட்டோம்மா. மாத்தத்தான் வந்திருக்கேன். இந்தத் தடவ ஒவ்வொருத்தரா கேக்குறேன். ஒரே வயித்துல பொறந்தவங்கள மட்டும் சொல்லுங்க."

தந்தை வழியை முடித்தோம். யாருக்கும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். தாய் வழிக்கு வந்தோம். ஆறு பேர். மூத்தவர், அடுத்தவர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் மூன்றாவது அக்காள் பேர் வந்ததும் நிறுத்திவிட்டார். பிசைந்த கை மாவிலேயே நின்றுவிட்டது.

"அந்த அக்கா நல்லாத்தானே இருந்தாங்க?" என்று கேட்டேன்.

அவர் மாவுச் சட்டியைத் தள்ளி வைத்தார். "கட்டிக்கிட்டுப் போன மறு வருசமே புருசன் ரங்கூனுக்குப் போனாரு. ஒரு கடுதாசி இல்ல. மூணு வருசம் வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் அவரு கொரல் கேக்குதுன்னா. பதில் பேச ஆரம்பிச்சா. உள்ளாற வச்சுப் பூட்டிட்டோம். பூட்டுன எடத்துலயேதான் செத்தா." கையைத் துடைத்துக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "என் புருசன்கிட்டகூட நான் சொன்னதில்ல தம்பி. அத எழுதாதீங்க. எனக்கு ஒரே பொண்ணு."

பொய் ஒன்றை அழிக்கப் போன இடத்தில் அதே சாயலில் ஒரு உண்மை எதிரே வந்து நின்றது. நான் வாயை மூடிக்கொண்டால் போதும். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டால் சிவகாமியின் கல்யாணம் நடக்கும். என் தப்புக்கும் பரிகாரம் ஆகும். நான் அதை யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"அம்மா, பொய்ய எடுக்க வந்தவன் நான். உண்மைய மறைச்சிட்டுப் போனா, பழைய பொய்யே இருந்திருக்கலாமே" என்றேன். "டாக்டருக்குச் சொல்லித்தான் ஆகணும். ஆனா அவரத் தவிர வேற காதுக்குப் போகாது. அந்தத் தாள் இருக்குற அலமாரிக்குப் பூட்டுப் போடாம நான் விடப்போறதில்ல."

"சொல்லட்டும்மா." சிவகாமி நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "எனக்கு ஒரு பெரியம்மா இருந்தாங்கன்னே இன்னைக்குத்தான் தெரியுது. மறைச்சது போதும்."

திங்கள் காலை டாக்டர் தொப்பியை ஆணியில் மாட்டும்போதே போய் நின்றேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். 'சித்தப்பா' என்ற சொல்லைச் சொன்னேன், பிறகு அதன் பொருளைச் சொன்னேன். ஆறு வாரம் முன்பே செய்திருக்க வேண்டியது.

அவர் தாளை எடுத்துப் பார்த்தார். "இந்த அலமாரியில் உன் வாய் வழியாக வந்த சித்தப்பாக்கள் இன்னும் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் எல்லோரையும் எண்ணித்தான் நான் பரம்பரை என்று பேசிக்கொண்டிருக்கிறேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். இருந்தாலும் மீதியையும் சொன்னேன். பெரியம்மாள் கதையைக் கேட்டுவிட்டு டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"ஆக, தப்பான வழியில் நடந்து சரியான வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை" என்றார். பிறகு, "அந்தத் தாயோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்?"

"ஆறு பேர் சார். ஒருவருக்குத்தான் வந்தது."

"இந்த வீட்டில்?"

"மூன்று பிள்ளைகள். தங்கவேலுவுக்கு மட்டும்."

"ரத்தம் ஒன்றே காரணம் என்றால் மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள்?" அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவில்லை. தன்னிடமே கேட்டுக்கொண்டார். திரும்பி வந்து இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். "கிட்டங்கிக்குப் போய் வா."

அதுவரை டாக்டர் உத்தரவின் பேரில் எந்த நோயாளிக்காகவும் யாரும் வார்டை விட்டு வெளியே போய் விசாரித்ததில்லை. நான்தான் முதல்.

கிட்டங்கியில் வயதான ஒரு சுமைக்காரர் மட்டும் வாய் திறந்தார். "தங்கவேலு மூட்டையில கப்பல் மார்க்கு மாத்திப் போட்டுட்டான் நானா. நூறு மூட்டை வேற கப்பல்ல ஏறிப் போச்சு. எங்க எல்லாருக்கும் நல்லா திட்டு வாங்கிக் குடுத்தான். அதுலேருந்து ஒருத்தனும் அவன்கூடப் பேசல. சோத்துக்கும் தனியாத்தான் ஒக்காருவான்."

"எத்தன நாளு?"

"தைப்பூசத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. ஆடி மாசம் ஒங்ககிட்ட கொண்டாந்து விடுற வரைக்கும்லா."

"எல்லாரும் அவனப் பத்திப் பேசுனீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பேசுனோம். கை தப்புன்னு. அவன் காதுல விழுற மாதிரிதான் பேசுனோம்."

ஆக, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட பேச்சு ஒரு காலத்தில் நிஜமாகவே பேசப்பட்ட பேச்சு. நான் கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "ஆனா மார்க்கு தப்பா போட்டானே, அதுக்கு முன்னாடியே கொஞ்சம் தனியாச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். எது மொதல்லன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

அதையும் விடாமல் டாக்டரிடம் சொன்னேன். அவர் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். முதல் கட்டத்தில் தாயின் சகோதரி. இரண்டாவதில், ஆறு மாதத்துக்கு மேல் உடன் வேலை செய்தவர்களால் விலக்கி வைக்கப்பட்டிருந்தான், எது முன் எது பின் என்று தெரியவில்லை. கடைசியில், 'மொழிபெயர்ப்பாளர் நேரில் சென்று விசாரித்தது' என்று சேர்த்தார். எனக்கு மாலை போட்டிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். அன்று சாயங்காலமே அலமாரிக்குப் பூட்டு வந்தது. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம்.

இன்னொரு காரியமும் செய்தார். தங்கவேலு ஒருவேளைகூடத் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டார். சில நாள் நானே அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்துப் பார்வையாளர் நேரத்தில் சிவகாமியோடு ஓர் ஆள் வந்தான். பெயர் கோவிந்தன். பிறை என்ற ஊரில் ரயில் பட்டறை வேலை. தட்டைத் திருப்பி அனுப்பிய வீட்டு மாப்பிள்ளை. கப்பல் சித்தப்பாவையும் சொல்லி, பெரியம்மாளையும் சொல்லி, சிவகாமி தானே அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். பொய்யைத் திருத்தியதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை.

டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார். கோவிந்தன் உட்காரவில்லை. ஆகவே டாக்டரும் எழுந்து நின்றார்.

"நானா, தொரைகிட்ட கேளுங்க. இந்தப் பொண்ணுக்கு வருமா, வராதா? எங்களுக்குப் பொறக்குற பிள்ளைங்களுக்கு வருமா, வராதா? ரெண்டுல ஒன்னு சொல்லச் சொல்லுங்க."

கேட்டேன். டாக்டர் அவனை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பலருக்கு வராமலே போகிறது. குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. ரத்தத்துக்கும் பங்கு இருக்கிறது, வாழ்க்கைக்கும் பங்கு இருக்கிறது. யாருக்கு எது எவ்வளவு என்று சொல்ல எனக்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் நம்பாதே."

சிவகாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'பயப்பட வேண்டாம் என்கிறார்' என்று நான் சொல்லியிருந்தால் அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்காது. நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிக்கொண்டு, "எனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்தேன். டாக்டர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தேன்.

கோவிந்தன் டாக்டரைக் கை காட்டினான். "எங்க வீட்டுல கட்டாயம் வரும்னாங்க. பூசாரி கட்டாயம் வராதுன்னாரு. தெரியாதுன்னு சொன்னது இவரு ஒருத்தருதான்" என்றான். பிறகு சிவகாமி பக்கம் திரும்பினான். "ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வா, போவோம்."

அடுத்த தையில் தண்ணீர்மலை கோவிலில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேர் வரவில்லை. தங்கவேலு வந்தான். டாக்டர் ஒருநாள் அனுமதி கொடுத்து, என்னைத் துணைக்கு அனுப்பினார். பந்தியில் அவனுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் கோவிந்தனும் உட்கார்ந்தோம்.

மறு வருடம் அவனைப் பிறைக்கே அனுப்பினோம். குணமாயிற்று என்று சொல்ல மாட்டேன். குரல்கள் கடைசி வரை போகவில்லை. "பேசுறாங்க நானா, ஆனா நான் பதில் சொல்றதில்ல" என்பான். தங்கை வீட்டில் மாடு பார்த்துக்கொண்டு, அவள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் காய்ச்சலில் போனான்.

வார்டில் அந்த வருடம் முழுக்க நானும் டாக்டரும் பழைய தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி விசாரித்தோம். அண்ணன்கள், மாமன்கள், சித்தப்பாக்கள் என்று பலர் தாளிலிருந்து மறைந்தார்கள். வாய் திறக்காமல் மறைத்து வைக்கப்பட்டிருந்த சிலர் புதிதாக வந்தார்கள். அதன் பிறகு அச்சடித்த தாளில் உறவு கேட்கும் இடத்துக்குக் கீழே ஒரு வரி கூடியது: 'உடன் பிறந்தவரா, முறைக்கு அழைப்பவரா?' நான் ஓய்வு பெறும் வரை அந்த வரி இருந்தது. தமிழ் தெரியாத டாக்டர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். எல்லோரும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

சிவகாமிக்கு நான்கு பிள்ளைகள். ஒவ்வொன்று பிறந்தபோதும் எனக்குச் சொல்லி அனுப்பினாள். மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் பெர்ரி ஏறித் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒன்னுமில்ல நானா. பெரியவனுக்கு நேத்தோட இருபத்திமூணு முடிஞ்சுச்சு. அண்ணனுக்கு நோவு வந்த வயசத் தாண்டிட்டான். யாருகிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

"சின்னவங்க?"

"இன்னும் மூணு பேரு இருக்காங்க" என்றாள். சிரித்தாள். "அதுக்கும் வருவேன்."